துண்டுக்குள் கேட்ட மார்க்

மேச்சேரி ஆட்டுச் சந்தையில் தோளில் ஒரு துண்டோடு நின்றவன் நான். கையில் ஆடு கிடையாது. அடுத்தவன் ஆட்டை அடுத்தவனுக்கு முடித்துக் கொடுக்கும் தரகு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. அங்கிருந்து வந்து புதுச்சத்திரத்தில் ஒரு பாறை மேட்டை உடைத்துக் கோழிப்பண்ணை போட்டேன். பாறையில் கோழி வளருமா என்று சிரித்தார்கள். வளர்ந்தது. தண்ணீரே இல்லை என்று மூன்று பேர் தேங்காய் உருட்டிப் பார்த்துச் சொன்ன நிலத்தில் நாலாவதாக நானே காலால் தட்டிப் பார்த்து போர் போட்டேன். தண்ணீர் வந்தது. தீவன மில் வைத்தேன். முட்டையை மிஷினில் அடுக்கிக் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி வைத்தேன். லாரி இரண்டு. இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஜப்பான் மொழி சொல்லிக் கொடுக்க ஒரு காலேஜைக் கட்டியவனும் நான்தான்.

காலேஜ் என்றால் தீவனக் குடோனுக்கு மேலே ஒரு நீள அறை. 'சமுதாயக் கல்லூரி' என்று நானே பெயர் வைத்து, நாமக்கல்லில் லாரிக்கு எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டு எழுத வைத்தேன். அவர் பழக்கத்தில் ஓரத்தில் ஒரு தாமரைப்பூவும் போட்டுக் கொடுத்தார். தையல், டைப்ரைட்டிங், ஜப்பான் மொழி என்று மூன்று வகுப்பு. கீழே இருந்து கருவாட்டுத் தூள் வாசமும் கடலைப் புண்ணாக்கு வாசமும் மேலே வந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜப்பான் மொழியும் ஜப்பான் கதையும் சொல்லிக் கொடுத்த மனிதரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயரைப் போடக் கூடாது என்பது அவர் வைத்த கட்டளை. "பேரு போட்டா எல்லாந் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சுக்குவாங்க" என்பார். ஆகவே வாத்தியார் என்றே எழுதுகிறேன்.

அவர் என்னிடம் வந்த கதை இது. பெங்களூரில் ஒருவரிடம் பழைய ஜப்பான் இன்குபேட்டர் ஒன்றை வாங்கினேன். அதோடு ஒரு புத்தகம் வந்தது, முழுக்க ஜப்பான் எழுத்து. சேலத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். பதினோரு மொழி தெரியும் என்றார். புத்தகத்தை விரித்து, மூச்சு விடாமல் இரண்டு பக்கம் வாசித்து, "சூட்டை இன்னும் ரெண்டு பங்கு ஏத்தணும்னு போட்டிருக்கான்" என்றார். ஏற்றினேன். நாலாம் நாள் முட்டையை உடைத்துப் பார்த்தால் உப்பு ஒன்றுதான் குறை.

அப்புறம்தான் ராசிபுரத்து நூல் வியாபாரி ஒருவர் இவரைச் சொல்லி அனுப்பினார். நெசவாளர் குடும்பம், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கப்பிள்ளை, ஐம்பது வயதுக்கு மேல். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். துணிப்பையில் அட்டை இல்லாத ஒரு புத்தகமும் ஒரு செம்பும் இருந்தன.

"ஜப்பான் தெரியுமுங்களா?" என்றேன்.

"பாதி தெரியுமுங்க."

"எந்தப் பாதிங்க?"

"அது படிச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

இப்படிப் பேசுகிறவனுக்கு நான் ஆட்டுக்குட்டியைக்கூட விற்றுக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் மிஷின் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பார்த்தார். நாலு வரியைத் தமிழில் எழுதினார். ஐந்தாவது வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எனக்குத் தெரியலீங்க."

"ஏதோ ஒண்ண எழுதிப் போடுங்களே."

"முட்டை உங்களுதுங்க" என்றார்.

நாலு வரியை வைத்தே மிஷினை ஓட்டினோம். குஞ்சு பொரித்தது. ஐந்தாவது வரிக்கு அவர் மெட்ராசுக்குத் தபால் போட்டுக் கேட்டு, இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டைக் கொண்டுவந்து காட்டினார். 'இந்த மிஷினின் மேல் துணி உலர்த்தக் கூடாது' என்று போட்டிருந்ததாம். நாங்கள் அதுவரை துணி உலர்த்திக்கொண்டுதான் இருந்தோம்.

நம் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியாது என்ற வார்த்தை வாயில் வராது. வழி கேட்டுப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத ஊருக்கும் "நேராப் போயிச் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று அனுப்பி வைப்போம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற மரியாதை. வாத்தியார் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒருவர் வழி கேட்டால், "தெரியாதுங்க" என்பார். கேட்டவர் மூஞ்சி சுருங்கிப் போகும். கல்யாணப் பந்தியில் பெண் வீட்டுக்காரர் குனிந்து, "சாப்பாடு எப்படிங்க?" என்று கேட்டால், "ரசம் இன்னும் ஊத்தலீங்க, ஊத்தினப்புறம் சொல்றேனுங்க" என்பார். பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏதோ மனக்குறை என்று நினைத்து ஓடினதை நானே பார்த்தேன்.

வகுப்பில் கரும்பலகையின் ஓரமாக ஒரு கோடு கிழித்து, மேலே 'தெரியாதவை' என்று எழுதியிருப்பார். பாடத்தில் அவருக்குப் பிடிபடாத வார்த்தை வந்தால் அங்கே ஏறும். விடை கிடைத்தால்தான் அழிப்பார். ஒரு வார்த்தை பதினொரு மாதம் அங்கேயே குடியிருந்தது. "ஏனுங்க வாத்தியாரே, சம்பளம் வாங்கற நீங்களே தெரியாதுன்னு போர்டுல எழுதி வெச்சா, எங்களுக்கு என்னங்க மருவாதி?" என்று கேட்டேன். "தெரிஞ்சதுக்குத்தானுங்க சம்பளம் வாங்கறேன்" என்றார்.

வகுப்பில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவரும் மொழி ஆசையில் வரவில்லை. ஹேச்சரிக்காரர்கள் மிஷினுக்காக வந்தார்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த ராமலிங்கம், ஜப்பான்காரன் லாரி வரப்போகிறது, பாடி கட்டுகிற ஆர்டர் தனக்கு முதலில் வர வேண்டும் என்று வந்தார். பதினைந்தாவது ஆள் பாவாயி. என் ஹேச்சரியில் முட்டை பார்க்கிறவள். இருட்டறையில் பல்பு வெளிச்சத்துக்கு முன் முட்டையைப் பிடித்து, உள்ளே கரு இருக்கிறதா இல்லையா என்று பிரிக்கிற வேலை. நாற்பது வயது, புருஷன் இல்லை. வகுப்பறையைக் கூட்ட வந்தவள் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நின்னுக்கிட்டே படிச்சா கால் வலிக்குமுங்க, உக்காருங்க" என்றார் வாத்தியார். உட்கார்ந்துவிட்டாள். அவள் எட்டாம் வகுப்பு. என்னைவிட மூன்றரை வகுப்பு மேலே.

முதல் மாதம் எழுத்து. இரண்டாம் மாதமே கதையை எடுத்துவிட்டார். துணிப்பையில் இருந்த அந்த அட்டையில்லாப் புத்தகம். கிளம்பிற்று தகராறு.

"கதை வேண்டாமுங்க. வியாபாரத்துக்கு வேண்டியத மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார் ராமலிங்கம்.

"அவிய எப்படி நெனப்பாங்கன்னு தெரியாம எப்படிங்க வியாபாரம் பேசுவீங்க?"

"வெலய நெனப்பாங்க. வேற என்னத்த நெனக்கப் போறாங்க?"

வாத்தியார் விடவில்லை. கதையில் ஒருவன் பக்கத்து வீட்டில் குடை இரவல் வாங்குகிறான். மழை விட்டுவிடுகிறது. திருப்பிக் கொடுக்கப் போகலாம் என்று தினமும் கிளம்புகிறான். இன்று போனால் வெயிலில் குடையோடு வந்தான் என்று நினைப்பார்களோ, நேற்றே போயிருக்க வேண்டுமோ என்று யோசித்து யோசித்துத் திரும்பிவிடுகிறான். ஒரு வருஷம் போகிறது. ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறான். அப்போது மழை தூறுகிறது. அவ்வளவுதான் கதை.

"அப்புறம்?" என்றார் ராமலிங்கம்.

"முடிஞ்சுதுங்க."

"குடையக் குடுத்தானா, இல்லீங்களா?"

"எழுதலீங்க. எனக்குத் தெரியாது."

பதினான்கு ஆம்பிளைகள் ஒரு குடைக்காக அன்று போட்ட சண்டையைக் கீழே மூட்டை தூக்கியவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "மழைல குடுத்துட்டு அவன் நனஞ்சுக்கிட்டா போவான், குடுத்திருக்க மாட்டான்" என்றது ஒரு கட்சி. குடுத்தான் என்றது என் கட்சி. ராமலிங்கம், "இந்தக் குடைக்காரன்கிட்ட நான் லாரி பாடி கட்டிக் குடுத்தா உருப்பட்ட மாதிரிதான்" என்று எழுந்து போனார். அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்றரை வருஷம் ஓடிற்று. அப்போதுதான் நாமக்கல் ஹேச்சரிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஜப்பானிலிருந்து ஒரு நிபுணரை வரவழைக்க முடிவு செய்தோம். முட்டைப் பண்ணைக்குப் பெட்டைக் குஞ்சுதான் வேண்டும். பொரித்த அன்று குஞ்சைப் பார்த்தால் எது சேவல் எது பெட்டை என்று நமக்குத் தெரியாது. கொண்டை வளரும் வரை எல்லாவற்றுக்கும் தீவனம் போட்டுவிட்டு, பாதியைச் சேவல் என்று கழிப்போம். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சைக் கையில் பிடித்து, பின்பக்கத்தை விரலால் லேசாக அமுக்கிப் பார்த்தே பிரிக்கிற வித்தை ஜப்பான்காரர்களிடம் இருந்தது. அந்த நிபுணர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். என் காலேஜில் பரீட்சை வைத்து, பாஸ் ஆனவர் உட்காரட்டும் என்று பேசி முடித்தோம்.

பேசி முடித்த மறுநாளே நான் நோட்டீஸ் அடித்துவிட்டேன். என் பெயருக்கு முன்னால் 'ஜப்பான் மொழி வல்லுநர்' என்று. சர்டிபிகேட்டும் கெட்டி அட்டையில் அடித்து, சட்டம் போட்டு, வாத்தியார் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். கட்டடம் என்னுடையது, பெஞ்சு என்னுடையது, வாத்தியாருக்கு பஸ் டிக்கெட் என்னுடையது. வேறு யார் பாஸ் ஆவது?

பரீட்சையில் எழுத்து, வாசிப்பு எல்லாம் வந்தன. கடைசிக் கேள்வி, குடையைத் திருப்பிக் கொடுத்தானா? நான் தமிழும் ஜப்பானும் கலந்து முழுப் பக்கம் எழுதினேன். கொடுத்தான், அதோடு ஒரு தட்டு முட்டையும் கொடுத்தான், இருவரும் சம்பந்தி ஆனார்கள் என்று முடித்தேன். ராமலிங்கம் படம் போட்டே விளக்கியிருந்தார். பாவாயி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். தெரியாது.

பாவாயி பாஸ். எனக்குப் பதினேழு மார்க்.

நான் படித்த படிப்புக்கு வருகிறேன். சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல. கூட்டத்துக்குத் தெரியாமல் இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தொகை சொல்வது. மூஞ்சி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இருபது வருஷம் அந்தத் துண்டுக்குள் யாரிடமும் நான் தோற்றதில்லை. வாத்தியார் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, தோள் துண்டை எடுத்து அவர் கையும் என் கையும் மூடும்படி போட்டேன். மூன்று விரலைப் பிடித்தேன், முப்பது. அப்புறம் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினேன். முப்பத்தைந்து. பாஸ் மார்க் அதுதான்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவரும் ராசிபுரம் சந்தை பார்த்தவர்தானே. ரோட்டைப் பார்த்தபடியே என் விரல் ஒன்றைப் பிடித்தார். விட்டார். ஐந்தையும் பிடித்தார். விட்டார். இரண்டைப் பிடித்தார். பதினேழு.

நான் முப்பதுக்கு இறங்கினேன். அவர் பதினேழு. இருபத்தைந்து. பதினேழு. சந்தையில் இப்படி ஒரு ஆள் நின்றால் சாயங்காலம் ஆட்டை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"ஏனுங்க சாமி, ஒரு கையெழுத்துதானுங்களே. உங்களுக்கு என்னங்க நட்டம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

துண்டுக்குள் கையை வைத்தபடியேதான் சொன்னார். அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. சின்ன வயதில் பிழைக்க மலேயா போனாராம். ஜப்பான்காரன் அங்கே வந்த காலத்தில் இவரைப் பிடித்து சயாமில் ரயில் ரோடு போடக் கொண்டுபோனார்களாம்.

"அங்க ஒரு ஆபீசரு, ஜப்பான் தெரிஞ்சவன் கை தூக்குன்னானுங்க. தூக்கினவனுக்கு ரெண்டு பங்கு சோறு. எனக்கு நூறு வார்த்தை தெரியும். தூக்கிட்டேன். ஒரு வாரங் கழிச்சு, சீக்காக் கெடந்தவங்க கொட்டாய்க்கு முன்னால நின்னு என்னமோ கேட்டானுங்க. எனக்குப் பாதி புரிஞ்சுது. தெரியலைன்னு சொன்னா சோறு போயிருமேன்னு, சரின்னு தலையாட்டிட்டேன். அவங்களையெல்லாம் எழுப்பி நடத்திக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"திரும்பி வந்தாங்களா?"

ராசிபுரம் பஸ் வந்து நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இது எனக்குத் தெரியுமுங்க" என்றார். ஏறிப் போய்விட்டார்.

நிபுணர் வந்த நாள். ஹேச்சரிக்கு முன்னால் சாமியானா. நாற்பது பண்ணைக்காரர்கள். மாலை எனக்கு. நோட்டீஸ் எல்லார் கையிலும். நடுவில் மேஜை, மேஜையில் தட்டுத் தட்டாகக் குஞ்சு. நிபுணர் ஒல்லியான மனிதர், கையில் ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் நான். சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் கடைசி வரிசையில் நின்றார். தனக்கு வார்த்தை தெரிந்தாலும் கோழி வேலை தெரியாது, பாவாயிக்கு இரண்டும் தெரியும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் மெட்ராசுக்குக் கடிதம் போட்டுக் குஞ்சு, விரல், அமுக்கம் என்று வார்த்தை சேர்த்து அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்.

நிபுணர் குஞ்சைத் திருப்பிப் பிடித்து, என்னைப் பார்த்து நீளமாக ஒன்று சொன்னார். கேள்வி மாதிரி முடிந்தது. நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க மொதலாளி, என்னங்கறாரு?" என்றார் ராமலிங்கம். குசும்பு.

எனக்குப் புரிந்தது பாதிகூட இல்லை. ஆனால் என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்கா தெரியாது? 'நல்லா அமுக்கிப் பாருங்கங்கறாரு' என்றால் முடிந்தது. நாற்பது பேரும் ஊருக்குப் போய் நல்லா அமுக்குவார்கள். வாய் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் நிபுணர் கையில் இருந்த குஞ்சு கத்தியது. ஒரு நாள் குஞ்சு, பஞ்சு மாதிரி.

"வகரிமசென்" என்றேன்.

ஜப்பான் மொழியில் தெரியாது என்று அர்த்தம். ஒன்றரை வருஷத்தில் எனக்குச் சுத்தமாக வந்த ஒரே வார்த்தை. அப்புறம் தமிழிலும் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்க. பாவாயீ, நீ வந்து உக்காரு."

சிரிப்பு சாமியானாவைத் தூக்கிற்று. "மாலை மொதலாளிக்கு, பேச்சு முட்டை பாக்கற பொம்பளைக்கா?" என்று ஒருவர் கத்தினார். நோட்டீஸை மடித்து விசிறினார் இன்னொருவர். பாவாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நிபுணரிடம் ஏதோ திருப்பிக் கேட்டாள். அவர் மறுபடி சொன்னார்.

"குஞ்சு வயித்துல இருக்கற கழிவ மொதல்ல வெளிய எடுத்துட்டீங்களான்னு கேக்கறாருங்க. எடுக்காம அமுக்கினா குஞ்சு செத்துப் போயிருமாங்க" என்றாள்.

சிரிப்பு நின்றது. பத்து நாள் நடந்தது அந்தப் பயிற்சி. புரியாத இடத்தில் எல்லாம், "இருங்க, இது எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்றாள். முதல் நாள் முனகினவர்கள் மூன்றாம் நாள் அவளை "ஏனுங்கம்மா" என்று கூப்பிட்டார்கள். நான் பத்து நாளும் தட்டுத் தூக்கினேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்த வாத்தியார் என் பரீட்சைத் தாளைக் கேட்டார். கொடுத்தேன். பேனாவைத் திறந்து, பதினேழை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். திரும்பிப் போய்க் குடைக் கதையை மூன்றாம் தடவையாக ஆரம்பித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. அந்தக் கட்டடத்தில் இன்று நடக்கும் பள்ளிக்கூடத்தார் அவர் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பி, அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதிவிட்டேன். ஆனால் அதில் மாணவர் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'முதல் வகுப்பில் தேர்ச்சி' என்று போட்டிருக்கிறது. பெரிய மனிதரைப் பெயில் என்று போடலாமா என்ற மரியாதையாம். வழி தெரியாமல் வழி காட்டுகிற அதே மரியாதை.

மலர்க் குழுவினருக்கு என் கோரிக்கை. காலேஜைக் கட்டியவன் நான் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள், அது என் உரிமை. பாவாயி என் ஹேச்சரி ஆள் என்பதையும் போடுங்கள். பட்டியலில் என் பெயருக்கு நேரே 'தேர்ச்சி இல்லை, பதினெட்டு மார்க்' என்று திருத்துங்கள். தாள் என்னிடம் இருக்கிறது, சர்டிபிகேட்டுக்கு அடித்த அதே சட்டத்தில் மாட்டியிருக்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளலாம். அவசரத்தில் பதினேழு என்று போட்டுவிடாதீர்கள். பதினேழு அவர் போட்டது. பதினெட்டாவது நான் சம்பாதித்தது.